ஒரு ரிடிம், நூறு பாட்டு: ஜமேக்காவின் இசை யாருடைய சொத்து?

போன வருஷம் என்னுடைய நண்பன் ஒருவன் ஒரு ராப் பாட்டு வெளியிட்டான். ஹொஸ்டல் அறையின் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஃபோனில் பதிவு செய்த பாட்டு. இரண்டு நாளில் பிரச்சினை தொடங்கியது. வேறு ஊர்ப் பொடியன் ஒருவன் அதே பீட்டில் ஏற்கெனவே பாடியிருக்கிறான். "களவெடுத்திட்டான்", "கொப்பி அடிச்சிட்டான்" எண்டு ஒரே சண்டை. உண்மையில் இரண்டு பேருமே இணையத்தில் இலவசமாகக் கிடந்த ஒரு பீட்டை இறக்கித்தான் பாடியிருந்தார்கள். ஆளை ஆள் தெரியாது. வரிகள் வேறு, மெட்டு வேறு, சொன்ன கதையும் வேறு. ஆனாலும் நண்பன் வெட்கப்பட்டுப் பாட்டை அழித்துவிட்டான்.

அந்த நேரம் அவனுக்குச் சொல்லத் தெரியாமல் நான் விட்ட கதைதான் இது. கரீபியன் கடலில் இருக்கிற ஜமேக்கா என்ற தீவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்படித்தான் பாட்டுக் கட்டுகிறார்கள். ஒரே பின்னணி இசையில் பத்துப் பேர், நூறு பேர் பாடுவார்கள். அதை அங்கே களவு எண்டு சொல்லுறதில்லை. அந்தப் பின்னணி இசைக்குத் தனியாக ஒரு பெயரே இருக்கிறது: ரிடிம்.

ஒரு உதாரணம். 2003இல் உலகம் முழுக்க ஓடிய மூன்று பாட்டுகள்: ஷோன் போலின் 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ', லூமிடியின் 'நெவர் லீவ் யூ'. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கோ. மூன்றுக்குள்ளும் ஒரே கைதட்டல், ஒரே துள்ளல். ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் என்ற ஜமேக்கத் தயாரிப்பாளர் செய்த ரிடிம் அது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'டிவாலி'. எங்கட தீபாவளிதான். 1845 முதல் இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட சனத்தின் வழித்தோன்றல்கள் இன்றைக்கும் வாழுகிற தீவு அது. ஒரு டான்ஸ்ஹோல் ரிடிமுக்கு அங்கே இப்படி ஒரு பெயர் விழுந்திருக்கிறது.

ரிடிம் எண்டால் என்ன?

ரிதம் என்ற ஆங்கிலச் சொல்லை ஜமேக்கர்கள் தங்கட வாயில் உச்சரிக்கிற விதம்தான் ரிடிம். ஆனால் அர்த்தம் வெறும் தாளம் இல்லை. ஒரு பாட்டிலிருந்து பாடகரின் குரலைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற முழு இசையும் ரிடிம்தான். அதற்குள் முக்கியமானவை இரண்டு: ட்ரம்ஸ், பேஸ் கிற்றார். குறிப்பாக பேஸ். ரெகேயில் ஒரு ரிடிமை அடையாளம் காட்டுவதே அந்த பேஸ் வரிதான். இரண்டு செக்கன் கேட்டாலே கிங்ஸ்டன் நகரத்துச் சனம் ரிடிமின் பெயரைச் சொல்லிவிடும்.

எங்களுக்கும் இது முழுக்கப் புதுசு இல்லை. கூத்திலும் பஜனையிலும் தெரிந்த மெட்டுக்குப் புது வரி கட்டிப் பாடுவது எங்கட ஊர்களில் பழைய பழக்கம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. நாங்கள் கடன் வாங்குவது மெட்டை. ஜமேக்காவில் மெட்டும் வரியும் ஒவ்வொரு பாடகருக்கும் வேறு வேறு. பொதுவாக இருப்பது அடியில் ஓடுகிற இசை. பல சமயம் அது ஒரே ஒலிப்பதிவு, அதாவது ஒரு நாள் ஒரு அறைக்குள் நாலைந்து பேர் சேர்ந்து வாசித்துப் பதிந்த அதே நாடா.

இந்த நாடா யாருடையது? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

ஸ்பீக்கர் பெட்டிகளின் காலம்

1950களின் கிங்ஸ்டனில் ஒரு இசைக்குழுவைக் கூப்பிட்டு ஆடுகிற அளவுக்கு ஏழைச் சனத்திடம் காசு இருக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பியது சவுண்ட் சிஸ்டம். எங்கட திருவிழாக்களில் ஸ்பீக்கர் பெட்டி அடுக்குகிற மாதிரி, ஆளுயரப் பெட்டிகளைத் திறந்த வளவில் அடுக்கி, அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டுகளைப் போடுவார்கள். நுழைவுக் காசிலும் குடிவகை விற்பனையிலும்தான் வருமானம். டியூக் ரீட், கொக்சன் டொட் என்ற இரண்டு பேர் இந்தத் தொழிலில் பெரிய போட்டியாளர்கள். எதிராளியிடம் இல்லாத இசைத்தட்டு தன்னிடம் இருக்க வேணும் என்பதுதான் போட்டியே. அதனால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற பெயர்த்தாளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாட்டின் பெயரும் பாடினவரின் பெயரும் மற்றவனுக்குத் தெரியக் கூடாது.

கவனியுங்கோ, பெயரை மறைப்பதும் இந்த இசையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. இதற்குப் பிறகு வருவம்.

பின்னர் அமெரிக்கத் தட்டுகள் போதாமல் போக, இந்த ஆட்கள் உள்ளூர்ப் பாடகர்களைப் பிடித்துத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1962 ஓகஸ்டில் ஜமேக்கா பிரித்தானியரிடமிருந்து சுதந்திரம் பெற்றது. அடுத்த வருஷம் கொக்சன் டொட் பிரென்ட்ஃபோர்ட் வீதியில் 'ஸ்டூடியோ வன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். டியூக் ரீட்டுக்கு பொண்ட் தெருவில் தன் சாராயக் கடைக்கு மேலே 'ட்ரெஷர் ஐல்' இருந்தது. ஸ்கா, ரொக்ஸ்டெடி, ரெகே என்று இசை வேகமாக மாறின அந்த எட்டு, பத்து வருஷத்தில்தான் பிறகு திரும்பத் திரும்பப் பாவிக்கப்பட்ட பெரும்பாலான அடிப்படை ரிடிம்கள் பதிவாகின.

ஒரு தவறு செய்த வேலை

குரல் இல்லாத பாட்டு எப்படி வந்தது? பரவலாகச் சொல்லப்படும் கதை இது. 1960களின் இறுதியில் ரடி ரெட்வூட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரர் டியூக் ரீட்டின் கூடத்தில் 'த பரகன்ஸ்' குழுவின் ஒரு பாட்டைத் தனக்கு மட்டும் ஒரு தட்டாக வெட்டித் தரச் சொல்கிறார். ஒலிப்பதிவாளர் பைரன் ஸ்மித் குரல் நாடாவைத் திறக்க மறந்துவிடுகிறார். வெறும் இசை மட்டும் தட்டில் ஏறுகிறது. ரெட்வூட் அதை எறியவில்லை. அன்றிரவு ஆட்டத்தில் முதலில் குரலோடு இருந்த தட்டைப் போட்டு, பிறகு குரல் இல்லாத தட்டைப் போட்டார். வளவில் நின்ற சனம் தாங்களே பாடத் தொடங்கியது.

இதற்குப் பிறகு இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் 'வேர்ஷன்' எனப்பட்ட வெறும் இசை என்பது வழக்கமாகிவிட்டது. இதற்குள் ஒரு கணக்கும் இருக்கு. இரண்டாம் பக்கத்துக்குப் புதுப் பாட்டு பதியத் தேவையில்லை, வாத்தியக்காரருக்கு இரண்டாம் தரம் காசு கொடுக்கத் தேவையில்லை. தயாரிப்பாளருக்கு லாபம். அதே நேரம் மைக் கையில் இருந்தவனுக்கு அது ஒரு கதவு. வாத்தியம் இல்லாத, வாத்தியக்காரரைக் கூப்பிடக் காசில்லாத ஒரு பொடியனுக்கு, ஊரறிந்த இசைக்கு மேலே நின்று பேச இடம் கிடைத்துவிட்டது.

அப்படிப் பேசினவர்களில் முதல் பெரிய ஆள் யூ ரோய். ஜமேக்காவில் டீஜே என்றால் தட்டுப் போடுகிறவர் இல்லை, மைக்கில் பேசிப் பாடுகிறவர். தட்டுப் போடுகிறவர் செலெக்டர். 1970இல் ட்ரெஷர் ஐலின் பழைய ரொக்ஸ்டெடி நாடாக்களுக்கு மேலே யூ ரோய் பேசிப் பாடிய மூன்று பாட்டுகள் ஜமேக்காவின் தரவரிசையில் ஒன்றாக உச்சத்துக்குப் போயின. 'வெயர் யூ டு த போல்' என்ற பாட்டில் பழைய பாடகரின் குரலும் அங்கங்கே கேட்கும், யூ ரோய் அதற்குப் பதில் சொல்லுவார். பழைய பாட்டு அழியவில்லை. அதோடு ஒருவர் கதைக்கத் தொடங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதே காலத்தில் வோட்டர்ஹவுஸ் என்ற ஏழைக் குடியிருப்பில் வானொலி, அம்ப்ளிஃபயர் திருத்துகிற கிங் டபி, நாடாவில் இருந்த ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கி, எதிரொலி சேர்த்து, 'டப்' என்ற புது வடிவத்தையே உருவாக்கினார். 1974இல் ரூபி எட்வர்ட்ஸ் ஒரே ஒரு ரிடிமை வைத்து 'யமஹா ஸ்காங்க்' என்று ஒரு முழு ஆல்பம் வெளியிட்டார். ஒரு ரிடிமில் ஒரு ஆல்பம் என்பது பிறகு அங்கே தனி வகையாகவே ஆனது.

ராப்புக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கு. 1973 ஓகஸ்டில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் நடந்த விருந்தொன்றைத்தான் ஹிப் ஹொப்பின் பிறந்தநாள் என்பார்கள். அங்கே தட்டுப் போட்ட கூல் ஹேர்க், சிறுவயதில் கிங்ஸ்டனிலிருந்து போனவர். ஆகவே பிறர் செய்த பீட்டில் பாடினதற்காக வெட்கப்பட்ட என் நண்பன், தனக்குத் தெரியாமலே ஒரு நீண்ட மரபுக்குள் நின்றிருக்கிறான்.

பொதுச் சொத்தா, தயாரிப்பாளர் சொத்தா?

இதுவரை கேட்டால் அழகான கதை. எல்லாம் எல்லாருக்கும் பொது, ஏழைகளின் கூட்டுக் கலை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யாருக்குக் காசு போனது என்று தேடத் தொடங்கினால் கதை மாறுகிறது.

ஸ்டூடியோ வன்னின் வாத்தியக் குழு 'சவுண்ட் டிமென்ஷன்'. கீபோர்ட்டில் ஜாக்கி மிட்டு, பேஸில் லிரோய் சிபிள்ஸ். இவர்கள் 1960களின் இறுதியில் வாசித்த 'ரியல் ரொக்' என்ற இசை, ரெகே வரலாற்றில் மிக அதிகமாகத் திரும்பப் பாவிக்கப்பட்ட ரிடிம்களில் ஒன்று. வில்லி வில்லியம்ஸ் அதற்கு மேலே 'ஆர்மகிடியன் டைம்' பாடினார். 1979இல் லண்டனின் 'த கிளாஷ்' குழு அதையும் பாடியது. இதே குழு வாசித்த இன்னொரு இசை 'ஃபுல் அப்'. 1980களின் தொடக்கத்தில் 'மைட்டி டயமண்ட்ஸ்' குழு அதன் மேல் ஒரு பாட்டுக் கட்டியது. அந்தப் பாட்டை வரி மாற்றி, பேர்மிங்ஹாம் நகரத்துச் சிறுவர்களின் 'மியூசிக்கல் யூத்' குழு 'பாஸ் த டச்சி' என்று பாட, 1982இல் அது பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்தது.

அந்த இசையை முதலில் வாசித்தவர்கள் கூடத்தில் கிழமைச் சம்பளத்துக்கு அல்லது பாட்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வேலை செய்தவர்கள். வாசித்தார்கள், காசை வாங்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள். நாடா கூடத்தில் இருந்தது. கூடம் முதலாளியுடையது. உரிமைக் காசுக்காக லிரோய் சிபிள்ஸ் பிற்காலத்தில் நீண்ட நாள் போராட வேண்டியிருந்தது.

சட்டமும் உதவவில்லை. 1993 வரை ஜமேக்காவில் இருந்தது காலனித்துவ ஆட்சி விட்டுப்போன 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம். அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகிற நிலையில் பேஸ் வாசிக்கிறவர் யாரும் இருக்கவில்லை. ரிடிம் எவருக்கும் சொந்தமில்லை என்ற பேச்சுக்கு அடியில் உண்மையில் இருந்தது இதுதான். தயாரிப்பாளர்கள் ஆளுக்காள் ரிடிமை எடுத்துக்கொண்டார்கள், ஆளை ஆள் கேட்கவில்லை. வாசித்தவர்களையும் கேட்கவில்லை.

இதில் சிஸ்டர் நான்சியின் கதை முக்கியம். 1970களில் வின்ஸ்டன் ரைலி தயாரிக்க, அன்செல் கொலின்ஸ் கீபோர்ட் வாசித்த 'ஸ்டாலக் 17' என்ற இசை, ஒரு யுத்தப் படத்தின் பெயரைக் கொண்டது. 1982இல் சிஸ்டர் நான்சி என்ற இளம்பெண் அந்த ரிடிமில் 'பாம் பாம்' பாடினாள். ஆண்களே மைக் பிடித்த ஆட்டவளவில் தனக்கொரு இடம் உண்டு என்று சொன்ன பாட்டு. அதே ரிடிமில் 1985இல் டெனர் சோ 'ரிங் தி அலாம்' பாடினார். இரண்டையும் கேட்டால் அடியில் ஒரே இசை, மேலே இரண்டு தனி உலகம். ரிடிம் என்ற முறையின் பலத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனால் 'பாம் பாம்' படங்களிலும் விளம்பரங்களிலும் ஓடிக்கொண்டிருக்க, நான்சி அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் வங்கி ஒன்றில் கணக்கு வேலை செய்துகொண்டிருந்தார். பாட்டுக்காக அவருக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக உரிமைக் காசு வரவில்லை. 2014இல் ஒரு சப்பாத்து விளம்பரத்தில் தன்னுடைய குரலைக் கேட்ட பிறகுதான் சட்டத்தரணியிடம் போய் தன் பங்கை வாங்கினார். 2016இல் கன்யே வெஸ்ட், 2017இல் ஜே ஸி என்று பெரிய ஆட்கள் அந்தக் குரலைப் பாவித்தது இதற்குப் பிறகு.

ஜப்பானில் ஒரு பெண்

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி 1985இல் வருகிறது. வெய்ன் ஸ்மித் என்ற பாடகரும் நோயல் டேவியும் கசியோ எம்டி 40 என்ற சின்னக் கீபோர்ட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது, அதற்குள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த 'ரொக்' என்ற தாளம் தட்டுப்பட்டது. அதை ஜம்மியிடம் கொண்டுபோனார்கள். அவர் வேகத்தைக் குறைத்தார். 'ஸ்லெங் டெங்' பிறந்தது. 1985 பெப்ரவரியில் பிளாக் ஸ்கோர்ப்பியோ சவுண்ட் சிஸ்டத்துடன் நடந்த போட்டியில் ஜம்மி அதைப் போட, அன்றோடு ரெகேயின் காலமே மாறியது. ட்ரம்ஸ், பேஸ் வாசிக்க ஆள் வேண்டாம், ஒரு கீபோர்ட் போதும். நூற்றுக்கணக்கான பாட்டுகள் அந்த ஒரு ரிடிமில் வந்தன.

அந்தத் தாளத்தைக் கீபோர்ட்டுக்குள் போட்டது யார்? ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். இசைக் கல்லூரியில் படித்து 1980இல் கசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். கீபோர்ட் 1981இல் வந்தது. அவர் பட்டப்படிப்புக்கு எழுதின ஆய்வு எதைப் பற்றி? ரெகேயைப் பற்றி. ஜமேக்காவின் இசையைக் கேட்டு வளர்ந்த ஒரு மாணவி செய்த தாளம், அவருக்கே தெரியாமல் ஜமேக்காவுக்குத் திரும்பிப் போய் அந்த இசையையே மாற்றியிருக்கிறது. உலகம் அவருடைய பெயரை அறியப் பல வருஷம் எடுத்தது.

நீதிமன்றத்தில் ஒரு தாளம்

இப்போது இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. ஸ்டீலி, கிளீவி என்ற இரட்டையர் 1989இல் 'ஃபிஷ் மார்க்கெட்' என்ற இசையைச் செய்தார்கள். அதன் தாளம் ஷாபா ராங்ஸின் 'டெம் போ' பாட்டின் ஊடாகப் பனாமா, நியூயோர்க், போர்ட்டோ ரிக்கோ என்று பயணித்து, ரெகேட்டோன் என்ற பெரும் இசை வகையின் முதுகெலும்பாகியது. ஸ்டீலி 2009இல் இறந்துவிட்டார். 2021இல் கிளீவியின் தரப்பு கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. வழக்கு விரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளும் நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். ஒரு தாளக்கட்டு யாருக்கும் சொந்தமாக முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டதை 2024 மே மாதம் நீதிபதி ஏற்கவில்லை.

இந்த வழக்கில் நான் எந்தப் பக்கம் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கோடிக்கணக்கில் காசு பார்த்த ஒரு தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களுக்குப் பங்கு கிடைக்க வேணும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு தாளத்துக்கு வேலி போடலாம் என்று தீர்ப்பு வந்தால், நாளைக்கு அந்த வேலிக்கு வெளியே நிற்கப் போவது பெரிய கம்பெனிகள் இல்லை. வாத்தியமும் காசும் இல்லாத, மைக் மட்டும் உள்ள பொடியளும் பெட்டையளும்தான். 1970இல் யூ ரோய் அனுமதி வாங்கச் சட்டத்தரணி பிடிக்க வேண்டியிருந்தால், யூ ரோய் இருந்திருக்க மாட்டார்.

ஆகவே ஜமேக்காவின் வரலாறு சொல்வதை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். பகிர்வதில் பிழை இல்லை. ஒரு ரிடிமில் நூறு பேர் பாடுவதால் ரிடிம் தேயாது, இன்னும் பெறுமதி கூடும். பிழை நடந்தது வேறு இடத்தில்: தட்டின் நடுவில் இருந்த பெயரைச் சுரண்டின இடத்தில், வாசித்தவனுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு நாடாவை என்றைக்குமாகப் பூட்டி வைத்த இடத்தில். எடுத்துப் பாவிப்பதும் பெயரையும் பங்கையும் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்.

போன மாதம் இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "அப்ப நான் களவெடுக்கேல்லத்தானே?" எண்டு கேட்டான். "இல்லை. ஆனா அந்த பீட் செய்தது ஆர்?" எண்டு கேட்டன். அவனுக்குத் தெரியவில்லை. சண்டை பிடித்த மற்றப் பொடியனுக்கும் தெரிந்திருக்காது. இரண்டு பேரும் தங்களுடையது என்று அடிபட்ட பொருளைச் செய்தவனின் பெயர் இரண்டு பாட்டிலும் இல்லை.

இருந்து தேடினோம். அரை மணித்தியாலம் எடுத்தது, கண்டுபிடித்துவிட்டோம். பாட்டு இப்போது திரும்ப ஏறியிருக்கிறது. விபரத்தில் முதல் வரியாக, நண்பனின் பெயருக்கும் மேலே, அந்த பீட்டைச் செய்தவனின் பெயர் இருக்கிறது.